ரெடிங்கிலிருந்து பிரிஸ்டலுக்கு கார், லாரி இல்லாத சைக்கிள் பாதை உண்டா?

ரெடிங்வாசி:
வணக்கம். இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறேன். போன மாதம் பழைய டூரிங் சைக்கிள் ஒன்று வாங்கினேன். இரும்புச் சட்டம், 32 மி.மீ. டயர், மட்கார்டு, பின்சக்கரத்தின் இரு பக்கமும் தொங்கும் இரண்டு பேனியர் பைகள். இரண்டு நாளில் பிரிஸ்டல் வரை போக ஆசை.

முதல் முயற்சியில் கைப்பேசிச் செயலி ஏ4 நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விட்டது. லாரிகள் முழங்கையை உரசுவதுபோல் போயின. பாதியில் திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் கென்னட்-ஏவன் கால்வாய்க் கரையில் போனேன். தொடக்கம் அருமை. அப்புறம் பாதை ஒற்றையடித் தடமாகச் சுருங்கி, புல்லும் சேறுமாக ஆகிவிட்டது. முந்தின நாள் மழை வேறு. பின்சக்கரம் வழுக்கி, காஞ்சொறி மாதிரி அரிக்கிற செடிப் புதரில் விழுந்தேன். வரைபடத்தில் நல்ல பாதையும் இந்தப் பாதையும் ஒரே நிறத்தில்தான் இருக்கின்றன. எப்படிப் பிரித்தறிவது?

பாத் அண்ணன்:
தம்பி, அடி பலமாக இல்லையே? கால்வாய் ஓரம் விழுகிறவர்கள் தண்ணீர்ப் பக்கம் விழாமல் இருப்பதே பெரிது.

வரைபடத்தில் அந்த நிறம், அங்கே கார் வராது என்பதை மட்டும்தான் சொல்கிறது. தரை எப்படி என்று சொல்வதில்லை. சுமையோடு போகிற சைக்கிளுக்குத் தரைதான் முக்கியம். தேசிய சைக்கிள் வலையமைப்பின் 4-ஆம் எண் பாதை இந்தக் கால்வாயை ஒட்டியே போகிறது. ஆனால் பியூசி, டிவைசஸ் என்ற ஊர்கள் பக்கம் கரையை விட்டு ஊர்ச் சாலைகளுக்கு இறங்கிவிடும். அங்கே கரை மண்ணும் புல்லுமாக இருப்பதுதான் காரணம். எண் பலகை எங்கே கரையை விட்டு விலகுகிறதோ, அங்கே நீங்களும் விலகுங்கள். அந்தச் சாலைகளில் வண்டி குறைவு, பயப்பட வேண்டாம்.

ரெடிங்கிலிருந்தே மிதிக்க வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால், பியூசி வரை ரயிலில் வாருங்கள். சைக்கிளுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். டிவைசஸ் தாண்டியதும் கேன் ஹில் வரும். படகுகளை ஏற்றி இறக்கும் 29 மதகுகள், அதில் 16 ஒரே நேர்கோட்டில் படிக்கட்டுபோல் இறங்கும். மேற்கே போகிற உங்களுக்கு அது முழுக்க இறக்கம். அங்கிருந்து பாத் நகரம் வரை கரை பொதுவாக நன்றாக இருக்கும். பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் தாண்டி ஏவன்கிளிஃப், டண்டஸ் என்ற இரண்டு இடங்களில் கால்வாயே பாலம் ஏறி ஆற்றைக் கடக்கும். நின்று பார்க்காமல் போய்விடாதீர்கள்.

பாலங்களுக்கு அடியில் வளைவு தாழ்வாக இருக்கும், எதிரே யார் வருகிறார் என்று தெரியாது. மணி அடித்து மெதுவாகப் போங்கள். நடப்பவர்களுக்குத்தான் முதல் உரிமை.

சக்கரம்:
பாத்திலிருந்து பிரிஸ்டல் வரை கவலையே வேண்டாம். பழைய ரயில் தடத்தை 1979 முதல் 1986 வரை தன்னார்வலர்கள் சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். 21 கி.மீ., முழுக்கத் தார். ரயில் ஏறிய தடம் என்பதால் கடுமையான ஏற்றம் கிடையாது. டூரிங் சைக்கிளுக்கு இதைவிடப் பொருத்தமான தரை கிடைப்பது அரிது.

பாத்தில் அரை நாள் கிடைத்தால் இரட்டைச் சுரங்கப் பாதைக்கும் போங்கள். 1966-இல் மூடிய ரயில் தடம், 2013-இல் சைக்கிளுக்குத் திறந்தது. கூம் டவுன் சுரங்கம் மட்டும் 1.6 கி.மீ.க்கு மேல். விளக்குகள் உண்டு, இருந்தாலும் உங்கள் விளக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். கோடையிலும் உள்ளே குளிரும், ஒரு மேல்சட்டை கையோடு இருக்கட்டும்.

டயரைப் பற்றி: சட்டத்திலும் மட்கார்டிலும் இடம் இருந்தால் 35 அல்லது 37 மி.மீ. போடுங்கள். காற்றைக் கல்போல் இறுக்க வேண்டாம். சரளையில் கொஞ்சம் இளகிய டயர்தான் பிடித்து ஓடும்.

ரெடிங்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. பாதைகளில் இரும்புத் தடுப்பு இருக்கும் என்கிறார்களே, பேனியரோடு நுழையுமா?

பாத் அண்ணன்:
சில இடங்களில் நுழையாது. மோட்டார் சைக்கிளைத் தடுக்கப் போட்ட தடுப்பு நம் பைகளையும் தடுத்துவிடும். கொக்கியில் மாட்டிக் கழற்றுகிற பை என்றால் அரை நிமிட வேலை. கூடாரத்தைக் குறுக்கே கட்டாமல் நீளவாக்கில் கட்டுங்கள்.

ரெடிங்வாசி:
சனி, ஞாயிறு போய் வந்தேன். 37 மி.மீ. டயர் போட்டிருந்தேன். முதல் நாள் பியூசியிலிருந்து ஊர்ச் சாலையில் டிவைசஸ், அங்கிருந்து கரையிலேயே பாத். பிராட்ஃபோர்டுக்கு முன்னால் சரளை கொஞ்சம் பெயர்ந்திருந்தது, ஆனாலும் சைக்கிள் தடுமாறவில்லை. ஒரே ஒரு தடுப்பில்தான் பையைக் கழற்றினேன். டண்டஸ் பாலத்தில் சாப்பாட்டைப் பிரித்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். சுரங்கத்துக்கு நேரம் போதவில்லை. அதற்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு செப்டம்பரில் வருகிறேன், அண்ணா.