செட்டிநாட்டு வீட்டு வளவில் 360 படம்: தூண்கள் வெட்டுப்படுகின்றன, எந்த டிரைபாட் ஹெட் வாங்கலாம்?

வளவுவாசல்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டுக்கு விர்ச்சுவல் டூர் எடுக்கிறேன். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று மொத்தம் 14 இடங்கள். கேமரா நிக்கான் டி5600, லென்ஸ் சாம்யாங் 8 மி.மீ. ஃபிஷ்ஐ (மிக அகலமாகப் பார்க்கும் லென்ஸ்). பால் ஹெட்டில் (எந்தப் பக்கமும் சாயும் உருண்டை மூட்டுள்ள டிரைபாட் தலை) கேமராவை நெட்டுக்குத்தாகச் சாய்த்து 60 டிகிரிக்கு ஒன்றாக 6 படம், மேலே ஒன்று, கீழே ஒன்று.

ஹ்யூகின் என்ற பனோரமா மென்பொருளில் படங்களை ஒட்டினால் முற்றத்து வானமும் எதிர்ச்சுவரும் சுத்தமாக ஒட்டுகின்றன. பக்கத்தில் நிற்கும் தூண்கள்தான் பிரச்சினை. ஒட்டும் இடத்தில் தூண் பாதியில் விலகி நிற்கிறது, சில இடத்தில் ஒரே தூண் இரண்டாகத் தெரிகிறது. தரையில் ஆத்தங்குடி டைல் கோடுகளும் ஒடிகின்றன. கண்ட்ரோல் பாயிண்ட் (இரண்டு படங்களிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் புள்ளி) எத்தனை சேர்த்தாலும் ஒரு தூண் சரியானால் அடுத்தது கெடுகிறது.

ஹெட்டை மாற்றினால் தீருமா? லென்ஸைப் பிடிக்கும் வளைய ஹெட், இரண்டு ரெயில் உள்ள பானோ ஹெட், இரண்டில் எது? சில அறைகளை 10-20 மி.மீ. ஜூம் லென்ஸிலும் எடுக்கும் எண்ணம் இருக்கிறது.

கோணம்60

தீரும். மென்பொருள்மேல் தப்பில்லை. பால் ஹெட்டின் பக்கவாட்டுக் காடியில் கேமராவைச் சாய்த்ததும் லென்ஸ் சுழலும் அச்சை விட்டு 8 செ.மீ. போல விலகிவிடும். 60 டிகிரி திருப்பினால் லென்ஸும் அதே 80 மி.மீ. நகர்ந்து வேறு இடத்திலிருந்து பார்க்கிறது. 1 மீட்டரில் உள்ள தூண், பின்னணியோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 4.5 டிகிரி தள்ளித் தெரியும். உங்கள் கேமராவும் லென்ஸும் தரும் முழுப் பனோரமா சுமார் 12,000 பிக்சல் அகலம், அதாவது டிகிரிக்கு 33 பிக்சல். ஆக 150 பிக்சல் விலகல். அதே விலகல் 10 மீட்டர் தூரத்தில் 15 பிக்சல்தான், அதனால்தான் எதிர்ச்சுவர் தப்பித்தது. லென்ஸ் சுழலும் அச்சை விட்டு விலகுவதை 1 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் 1 மீட்டர் தூணிலும் 2 பிக்சலோடு முடிந்துவிடும்.

10-20 லென்ஸும் போடுவதாக இருந்தால் இரண்டு ரெயில் ஹெட் வாங்குங்க. வளைய ஹெட் சின்னது, தரைப் படத்தில் மறைக்கும் இடமும் குறைவு, ஒரு தடவை அளந்தால் மாற்றவே வேண்டாம். ஆனால் வளையம் அந்த ஒரு லென்ஸுக்கு மட்டும்தான் பொருந்தும். ஒரே ஃபிஷ்ஐயில் காலம் தள்ளுகிறவர்களுக்கு அதுதான் என் முதல் தேர்வு. உங்களுக்கு அல்ல. ஜூம் லென்ஸ் போடும்போது மட்டும் ஒரு குவியத் தூரத்தில் வைத்து டேப் ஒட்டிவிடுங்க. ஜூம் நகர்ந்தால் அளவும் மாறும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: ரெயிலில் மி.மீ. அளவுகோல், 60 டிகிரி கிளிக் உள்ள ரொட்டேட்டர் (ஹெட்டைச் சுழற்றும் அடிப்பாகம்), கேமராவைத் தாங்கும் மேல் கை ஆடாமல் இருப்பது. கையை விரலால் தட்டிப் பாருங்க, நடுக்கம் தெரிந்தால் வேண்டாம். அடித்திருகு 3/8 அங்குலம், பால் ஹெட்டைக் கழற்றினால் பெரும்பாலான டிரைபாட்களில் நேரே ஏறும்.

மரத்தூண்

மட்டம் பற்றி ஒரு வார்த்தை. லெவலிங் பேஸ் (ஹெட்டை மட்டமாக்கும் அடித்தட்டு) வாங்கினால் அது ரொட்டேட்டருக்குக் கீழே வர வேண்டும். மேலே வைத்தால் ஒவ்வொரு திருப்பத்துக்கும் மட்டம் மாறும். ஆனால் மட்டம் கொஞ்சம் தவறினால் ஒட்டு கெடாது, தொடுவானம்தான் சாயும். தூண்களின் ஓரத்தில் செங்குத்துக் கோட்டுப் புள்ளிகள் கொடுத்தால் ஹ்யூகினே நிமிர்த்திவிடும். காசு குறைவாக இருந்தால் நல்ல ஹெட்டை முதலில் வாங்கி, லெவலிங் பேஸைப் பிறகு பாருங்கள். நடுத் தண்டை மட்டும் உயர்த்தாதீர்கள்.

வளவுவாசல்

நன்றி அண்ணா. இரண்டு ரெயில் ஹெட் வாங்கிவிட்டேன். நோடல் பாயிண்ட் எப்படிக் கண்டுபிடிப்பது? நெட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எண் சொல்கிறார்கள்.

கோணம்60

ஒவ்வொரு ஹெட்டிலும் அளவுகோலின் பூஜ்யம் வேறு இடத்தில் தொடங்கும், அந்த எண்கள் உங்களுக்கு உதவாது. பேச்சுவழக்கில் நோடல் பாயிண்ட் என்கிறோம்; உண்மையில் சுழலும் அச்சின்மேல் வர வேண்டியது, லென்ஸை முன்னாலிருந்து பார்த்தால் உள்ளே அப்பர்ச்சர் துளை எங்கே இருப்பதாகத் தெரிகிறதோ அந்த இடம். ஃபிஷ்ஐயைக் கையில் எடுத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்க, அந்தத் துளை முன்னோக்கி நகர்ந்து வருவது கண்ணுக்கே தெரியும். அதனால் நடுவில் வைத்து அளக்கக் கூடாது. 6 படம் எடுக்கிறவர் ஒட்டு விழும் 30 டிகிரியில் அளக்கணும்.

முதலில் ரொட்டேட்டர்மேல் இருக்கும் கீழ் ரெயில். கேமராவை நேர் கீழே பார்க்க வைத்து ஒரு படம் எடுங்க. 6000 x 4000 படத்தில், ரெயிலை ரொட்டேட்டரோடு பூட்டும் நடுத் திருகு 3000, 2000 பிக்சலில் வர வேண்டும்.

அடுத்து கேமரா பூட்டிய மேல் ரெயில். லென்ஸுக்கு முன்னால் 40 செ.மீ.யில் ஒரு நூலில் எடை கட்டித் தொங்க விடுங்க. பின்னால் 5 மீட்டருக்கு அப்பால் ஒரு ஜன்னல் கம்பி இருக்கட்டும். இரண்டும் படத்தின் வலப்பக்கம் 30 டிகிரியில் தெரியும்படி ஒரு படம். ரொட்டேட்டரை 60 டிகிரி வலப்புறம் திருப்பி இடப்பக்கம் தெரியும்படி இன்னொரு படம். இரண்டையும் 100 சதவீதத்தில் பாருங்க. கம்பியோடு ஒப்பிட்டால் நூல் இடப்புறம் நகர்ந்திருந்தால் லென்ஸ் முன்னால் நிற்கிறது, கேமராவைப் பின்னுக்கு இழுங்க. வலப்புறம் நகர்ந்திருந்தால் முன்னுக்குத் தள்ளுங்க. முதலில் 5 மி.மீ., பிறகு 1 மி.மீ. எண்ணை எழுதி ரெயிலிலேயே ஒட்டிவிடுங்க.

அளக்கும்போதும் எடுக்கும்போதும் ஃபோகஸ் மாறக் கூடாது. எஃப்/8இல் இந்த லென்ஸுக்கு ஹைப்பர்ஃபோக்கல் தூரம் சுமார் 42 செ.மீ., அங்கே வைத்தால் 21 செ.மீ. முதல் எல்லாம் தெளிவு. லென்ஸில் அச்சிட்ட தூர அளவை நம்பாமல் லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்து வைங்க.

வளவுவாசல்

தூண்கள் ஒட்டிவிட்டன! தரை இன்னும் சரியில்லை. டிரைபாட் இருந்த இடத்தில் டைல் பூவின் இதழ் பாதியில் நிற்கிறது.

மரத்தூண்

ஆத்தங்குடி டைலில் கோடு ஒடிந்தால் யார் கண்ணுக்கும் படும், சிமெண்ட் தரையானால் தப்பித்திருப்பீர்கள். டிரைபாட்டை எடுப்பதற்கு முன் ரொட்டேட்டருக்கு நேர் கீழே தரையில் ஒரு நாணயம் வையுங்கள். டிரைபாட்டை நகர்த்தி, கேமராவை மோனோபாடிலோ கையிலோ பிடித்து, லென்ஸ் நாணயத்துக்கு நேர் மேலே அதே உயரத்தில் இருக்கும்படி கீழ் நோக்கி எடுங்கள். நாணயத்தை எடுத்துவிட்டு இன்னொன்றும் எடுங்கள்.

ஹ்யூகினில் மற்ற படங்களை முதலில் ஒட்டி முடித்துவிட்டு, இந்த ஒன்றுக்கு மட்டும் டிஆர்எக்ஸ், டிஆர்ஒய், டிஆர்ஸெட் (கேமரா இடம் மாறியதைக் குறிக்கும் அளவுகள்) மூன்றையும் சேர்த்து ஆப்டிமைஸ் செய்யுங்கள். கண்ட்ரோல் பாயிண்ட் எல்லாம் டைல் மூலைகளில்தான் இருக்க வேண்டும். தூண் அடிக்கல்லில் ஒரு புள்ளி போனாலும் கணக்கு குலையும், அந்தத் திருத்தம் ஒரே தளத்துக்குத்தான். மாஸ்க் போட்டு டிரைபாட் மறைத்த இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான டைலில் முற்றத்து வெளிச்சத்தின் பிரதிபலிப்பு இடம் மாறியிருக்கும், ஒட்டுப்போடும் துண்டு சிறிதாக இருந்தால் அது தெரியாது.

வளவுவாசல்

தரை முடிந்தது. சராசரிப் பிழை 2 பிக்சலுக்குள். மேலே பார்க்கும் படம் மட்டும் தாழ்வாரத்து உத்தரத்தில் சில பிக்சல் விலகுகிறது.

கோணம்60

சுற்றுப்படம் சரி, மேல்படம் மட்டும் தப்பு என்றால் லென்ஸின் மையம் கை சாயும் அச்சில் இல்லை. கேமராவில் தகட்டைப் பூட்டிய திருகு நீளத் துளையில் ஒரு பக்கம் சரிந்திருக்கும். நேர் கீழே பார்க்கும் படத்தை மறுபடி எடுங்க. கீழ் ரெயிலை நகர்த்தினால் நடுத் திருகு படத்தின் குறுகிய பக்கவாக்கில்தான் நகரும். நீளவாக்கில் 3000ஐ விட்டு விலகியிருந்தால் ரெயிலைத் தொடாதீங்க. சாய்வு சரியாக 90 டிகிரி கிளிக்கில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, தகட்டின் திருகைத் தளர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்குங்க. அதன்பின் மேல் ரெயிலை நூல் வைத்து ஒரு தடவை சரிபார்த்துவிடுங்க.