வேலை ஒரு மாநிலம், ஓட்டு ஒரு மாநிலம்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பெங்களூர்வாசி:
எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) வரைவுப் பட்டியல் 2025 டிசம்பர் 19 அன்று வந்ததே, அன்றைக்கு ஊரில் பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைத் தம்பி போட்டோ எடுத்து அனுப்பினான். நீக்கப்பட்டவர்கள் பட்டியல். மேலே தாத்தா பெயர், எதிரே 'இறப்பு'. அதற்குக் கீழே என் பெயர், எதிரே 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்'.

நவம்பரில் படிவத்தோடு வந்த பி.எல்.ஓ (வாக்குச்சாவடி அலுவலர்) அக்கா எங்கள் தெருவுக்குத் தெரிந்தவர்தான். "தம்பி எங்கே?" என்று என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். "பெங்களூருலதான் வேலை, அங்கேயே வீடு எடுத்துட்டான், பொங்கலுக்குத் தவறாம வந்துடுவான்" என்று அம்மா பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருப்பவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று இருந்ததால் அம்மா பேனாவோடு காத்திருந்தார். அக்கா படிவத்தைக் கொடுக்கவே இல்லை. "பொங்கலுக்கு வர்றதெல்லாம் கணக்குல வராதும்மா" என்றாராம். அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது.

சட்டப்புள்ளி:
அந்த அக்கா சொன்னது சரிதானே? 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 19, தொகுதியில் 'சாதாரணமாக வசிப்பவர்' பெயரைத்தான் சேர்க்கச் சொல்கிறது. ஊரில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று பிரிவு 20 தெளிவாகச் சொல்லிவிட்டது. குலதெய்வம் எங்கே இருக்கிறது என்று சட்டம் கேட்பதில்லை. என் சொந்த அனுபவம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சென்னையிலேயே பிறந்து சென்னையிலேயே இருக்கிறேன்.

ஐதராபாத் அக்கா:
சட்டப்புள்ளி, அதே பிரிவு 20-ஐ முழுதாகப் படியுங்கள். தற்காலிகமாக வெளியே போனவர் அதனால் மட்டும் வசிப்பவர் இல்லாமல் போய்விட மாட்டார் என்றும் அதில் இருக்கிறது. எது தற்காலிகம் என்பதுதான் சண்டை. ஐ.டி. கம்பெனியில் இருப்பவன் நாளைக்கே ஊர் மாறலாம், அவனுக்கு எதுதான் நிரந்தரம்?

என் கதை இதற்கு நேர் எதிர். தெலங்கானாவில் 2023 சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னால் இங்கேயே ஓட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் வாடகை ஒப்பந்தம் எல்லாரையும் போலப் பதினொரு மாதத்துக்குப் போட்டது, பதிவு செய்யாதது. படிவத்திலோ பதிவு செய்த ஒப்பந்தம் கேட்கிறார்கள். சரி, கரன்ட் பில் நகலாவது கொடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். மனிதர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "இந்த அட்ரஸ்ல ஓட்டு வாங்கிட்டா அப்புறம் வீடே உங்களுதுன்னு சொல்லுவீங்க" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மாசாமாசம் ஒன்றாம் தேதி வாடகை கொடுத்தவளிடம் இப்படி! கடைசியில் பாங்க் பாஸ்புக்கில் முகவரியை மாற்றி அதை வைத்துத்தான் வேலை முடிந்தது.

பூத் டூட்டி டீச்சர்:
நான் கேரளத்தில், கோவையை ஒட்டிய பக்கம் வேலை செய்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19, எங்களுக்கு ஏப்ரல் 26. நடுவில் ஒரே ஒரு வாரம்.

மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் ஒருவர் வந்தார். பட்டியலில் பெயர் இருக்கிறது, அட்டை இருக்கிறது, எல்லாம் சரி. விரலைக் காட்டச் சொன்னேன். வலது கையை நீட்டினார். இடது கை என்றேன். ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர். "கத்தி பட்டுடுச்சு டீச்சர்." பிரித்துக் காட்டுங்கள் என்றேன், கடமை அது. பிரித்தார். காயம் இல்லை. நகக்கணுவில் மை, ஓரம் மட்டும் லேசாகத் தேய்ந்திருந்தது. மை ஏற்கெனவே இருந்தால் ஓட்டுப் போட விடக்கூடாது என்பது விதி. நான் வாயைத் திறப்பதற்குள் பூத் ஏஜென்ட்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரே பிளாஸ்டரைத் திரும்ப ஒட்டிக்கொண்டு போய்விட்டார். கள்ள ஓட்டுக்காரன் முகம் இல்லை அவருக்கு. இரண்டு பக்கமும் வீடு, இரண்டு பக்கமும் பெயர், அவ்வளவுதான்.

முன்னாள்_தாசில்தார்:
டீச்சர் சொன்னதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எனக்கும் ஒருவர் இரண்டு அட்டையை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இதுல எது சார் ஒரிஜினல்?" என்று கேட்டிருக்கிறார். இரண்டுமே ஒரிஜினல்!

சரி, எல்லாரும் கேளுங்கள். இரண்டு தொகுதியில் பெயர் இருக்கக் கூடாது, அது பிரிவு 17. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் பிரிவு 31-இன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வேறு மாநிலத்துக்குக் குடி போனால் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 போட வேண்டாம், முகவரி மாற்றும் படிவம் 8 போதும். பழைய இடத்தில் பெயர் நீங்கும், அட்டையின் பழைய எண்ணே தொடரும். பலர் படிவம் 6-ஐப் போட்டுவிட்டுப் பழைய பெயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள், இரட்டைப் பதிவு அங்கேதான் பிறக்கிறது. ஆனால் பெங்களூர்வாசி மாதிரி பெயரே போனவர்களுக்குப் படிவம் 6-தான் வழி. 'ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும்' என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள், சட்டத்தில் அப்படிக் கணக்கு எதுவும் கிடையாது. விடுதி மாணவர்கள் விடுதி முகவரியிலோ பெற்றோர் வீட்டு முகவரியிலோ பதியலாம், ஏதாவது ஒன்றில் மட்டும். ராணுவத்தில் இருப்பவர்களுக்குத் தனி ஏற்பாடு: எங்கே பணியில் இருந்தாலும் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே இருக்கலாம், கூடவே குடியிருக்கும் மனைவிக்கோ கணவருக்கோகூட அது பொருந்தும்.

வசிப்பிடம் என்றால் என்ன என்ற கேள்வி சாமானியனுக்கு மட்டும் இல்லை. டெல்லியில் வேலை பார்த்த மன்மோகன் சிங்குக்கு ஓட்டு அசாமில் இருந்தது, அங்கிருந்துதான் மாநிலங்களவைக்குப் போனார். மாநிலங்களவைக்கு எந்த மாநிலத்துக்காரரும் எந்த மாநிலத்திலிருந்தும் நிற்கலாம் என்று 2003-இல் சட்டத்தைத் திருத்தியே விட்டார்கள்!

சட்டப்புள்ளி:
ஐயா, அவருக்கு ஒரு நியாயம், பொங்கலுக்கு வருபவனுக்கு ஒரு நியாயமா? இப்போதுதான் எனக்கும் கோபம் வருகிறது. 2022 கடைசியில் தேர்தல் ஆணையம், இருக்கும் ஊரிலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போட ஒரு ரிமோட் வாக்குப்பதிவு எந்திரம் அறிவித்தது, ஒரே எந்திரத்தில் 72 தொகுதிகள். கட்சிகளைக் கூப்பிட்டு 2023 ஜனவரியில் காட்டுவதாக ஏற்பாடு, எதிர்க்கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை. அது வந்திருந்தால் இந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது.

திருப்பூர் சூப்பர்வைசர்:
எல்லாரும் இங்கிருந்து போனவர் கதையே சொல்கிறீர்கள். எங்கள் யூனிட்டில் ஒடிசாப் பையன் ஒருவன், தையல் லைனில் கெட்டிக்காரன், தமிழ் நம்மைவிட வேகமாகப் பேசுவான். பொண்டாட்டி, பிள்ளை எல்லாம் இங்கேதான், பிள்ளை இங்கே பள்ளிக்கூடம் போகிறது. 2024-இல் அவன் ஊரில் தேர்தல் வந்தபோது லீவு கேட்டான். வெளியூரில் வேலை செய்தாலும் ஓட்டு நாளுக்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டு, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 135பி. ஒரு நாள் லீவில் ஒடிசா போய்வர முடியுமா? அதைக் கேட்டதும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இங்கேயே பேரைச் சேர்த்துடு, சட்டப்படி நீ இங்க வசிக்கிறவன்தான்" என்றேன். கட்டிங் டேபிளில் சாய்ந்திருந்த நம்ம ஊர் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவன் அவர்களை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான். "வேணாம் அண்ணா, அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டான். அன்றைக்கு ஓவர்டைமும் பார்த்தான்.