செபியா என்று அடித்தால் எழுபதுகள் வந்துவிடுமா?

இருட்டறை
பக்கத்து இழையில் புரொம்ப்ட்பாண்டி எழுதியது: "1970 ஸ்டூடியோ கல்யாணப் படம் வேணுமா? 'செபியா'ன்னு ஒரு வார்த்தை போடுங்க, மிச்சத்தை ஏஐ பாத்துக்கும்." 2025 செப்டம்பரில் கூகுளின் ஜெமினி ஏஐயில் சேலைப் படம் போட்டுத் தீர்த்த கூட்டம் இப்போது இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெள்ளி உப்பு பூசிய புரோமைடு பேப்பரில் போட்ட சாதாரண பிரிண்ட் செபியா அல்ல ஐயா. செபியா என்பது பிரிண்டுக்குக் காப்பி நிறம் ஏற்றுகிற தனி வேலை. பிரிண்டைப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த கரைசலில் வெளுக்கவிட்டு, அலசி, சோடியம் சல்ஃபைடில் போட வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் தூக்கும். பாஸ்போர்ட் சைஸ் மூணு காப்பி கேட்டவருக்கு யார் இதைச் செய்வார்கள்? கறுப்பு, சாம்பல், வெள்ளை. அவ்வளவுதான்.

புரொம்ப்ட்பாண்டி
எந்த வீட்டு ஆல்பத்தை வேணா திறங்கண்ணே. பழுப்பாத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரியுறதை கெமிஸ்ட்ரி பேசி மறைக்க முடியாது.

இருட்டறை
இன்று பழுப்பு. அன்று இல்லை. ஃபைபர் பேப்பரை ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் அலச வேண்டும். தண்ணீர்ப் பஞ்சத்தில் வாளியில் நாலு முக்கு முக்கி எடுத்தால் படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ உப்பு பேப்பர் நாரிலேயே தங்கிவிடும். வருஷங்கள் போகப்போகப் படத்தில் உள்ள வெள்ளியை அது சில்வர் சல்ஃபைடாக, அதாவது பழுப்பாக மாற்றும். வெள்ளி மெல்லிசாக இருக்கும் இடம் முதலில் அடிவாங்கும்: வேட்டி மடிப்பு, கன்னத்தில் விழுந்த வெளிச்சம். தலைமுடியும் கோட்டும் கடைசிவரை கறுப்பாக நிற்கும். உங்கள் செபியா தலைமுடியையும் சேர்த்துக் காப்பித்தூள் ஆக்குகிறது.

செய்ய வேண்டியது இது. ஏஐக்கு எழுதும் புரொம்ப்ட்டில் செபியாவைப் பற்றிப் பேசவே வேண்டாம், கறுப்பு வெள்ளையாக வாங்குங்கள். பிறகு போட்டோ எடிட்டரின் கர்வ்ஸில் நீலச் சேனலை மட்டும் திறந்து, நடுவில் 128-ல் ஒரு புள்ளி குத்தி, வலது முனையை 255-லிருந்து 225-க்கு இறக்குங்கள். வெளிச்சம் மட்டும் மஞ்சளாகும், நிழல் அசையாது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கூட்ட, அந்த இடத்தை மட்டும் பிரிக்கும் ஒரு மாஸ்க். முடிந்தது.

புரொம்ப்ட்பாண்டி
ஆக கடைசியில மஞ்சள் அடிக்கச் சொல்றீங்க. பழுப்புதான்னு ஒத்துக்கிட்டதுக்கு நன்றி 🙏

சொல்லாய்வான்
பழுப்பு என்றால் என்ன? பழுத்த இலையின் மஞ்சளா, காப்பி நிறமா? முதலில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிமணி
இருட்டறை சார், போர்ட்ரிகா என்ற பேப்பரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அக்ஃபாவின் வார்ம்டோன் குளோரோபுரோமைடு பேப்பர். நிறம் ஏற்றும் டோனரே இல்லாமல் டெவலப்பரிலிருந்து எழும்போதே பழுப்புச் சாயல். "அன்று இல்லை" என்று கல்வெட்டு வெட்டாதீர்கள்.

இருட்டறை
கேள்விப்பட்டிருக்கிறேன், நன்றி. அது பழுப்புச் சாயல் உள்ள கறுப்பு. பக்கத்தில் செபியா பிரிண்டை வைத்தால் சின்னக் குழந்தைக்கும் வித்தியாசம் தெரியும். அதுவும் எந்தத் தெரு ஸ்டூடியோக்காரர் கல்யாண ஆல்பம் முழுவதற்கும் போர்ட்ரிகா போட்டார்?

வெள்ளிமணி
எவரும் போடவில்லை என்பதற்கு உங்களிடம் கணக்கு இருக்கிறதா?

இருட்டறை
எல்லோரும் போட்டார்கள் என்பதற்கு உங்களிடம் இருக்கிறதா?

லோராலோகு
ரெண்டு பேரும் விட்ட இடம் ஒண்ணு இருக்கு. பழைய படம் 40 ஸ்கேன் பண்ணி லோரா (ஏஐக்கு ஒரு பாணியைக் கத்துக்குடுக்குற குட்டி மாடல்) பழக்குறவங்க கேப்ஷன்ல பேப்பர் நிறத்தை எழுதறதில்ல. கேப்ஷன்ல சொல்லாததெல்லாம் லோராவைக் கூப்பிடுற ட்ரிக்கர் வார்த்தையோட ஒட்டிக்கும். அப்புறம் எது கேட்டாலும் மஞ்சளாத்தான் வரும், கழட்ட முடியாது. "மஞ்சளேறிய பிரிண்ட், கறை, மடிப்பு"ன்னு படத்துக்குப் படம் எழுதுங்க. இல்லாட்டி ஸ்கேன் எல்லாத்தையும் கிரேஸ்கேலுக்கு மாத்திட்டுப் பழக்குங்க. ஸ்டூடியோ முத்திரையை வெட்டிடுங்க, இல்லேன்னா படிக்க முடியாத எழுத்தா மூலைக்கு மூலை முளைக்கும்.

கிரெய்னை, அதான் ஃபிலிமோட பொடிப்புள்ளியை, புரொம்ப்ட்ல கேக்காதீங்க. எஸ்டிஎக்ஸ்எல்ங்கற படம் வரையிற ஏஐ மாடல்ல 1024 பிக்சல் படம் உள்ளுக்குள்ள பக்கத்துக்கு 128 கட்டமாச் சுருங்குது, ஒரு கட்டத்துக்கு 8×8 பிக்சல். அவ்வளவு பொடி கிரெய்ன் அதுல உருப்படியாத் தங்காது, புழு நெளியிற மாதிரி வரும். கடைசியில தனியாப் போட்டுக்குங்க.

இருட்டறை
கிரெய்னே எதற்கு? ஹாஃப் பிளேட் நெகட்டிவ் நாலே முக்காலுக்கு ஆறரை அங்குலம். அதைப் பேப்பர்மேல் ஒட்டவைத்து அதே அளவில் காண்டாக்ட் பிரிண்ட் போட்டால் கண்ணுக்குக் கிரெய்ன் தெரியாது. 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப் பெரிதாக்கினால்தான் தெரியும். பின்னால் திரையை மங்கலாக்குவதும் தவறு. லென்ஸின் துளையை நன்றாகச் சிறிதாக்கி, போட்டோஃபிளட் பல்பு வெளிச்சத்தில் அரை விநாடி பிடித்த படம் அது. திரையில் வரைந்த தூணும் படிக்கட்டும் தெரியும். கண்மணியில் பல்பு பட்டு வட்டமாக ஒன்றிரண்டு வெள்ளைப் புள்ளி இருக்க வேண்டும். பாண்டி போட்ட படத்தில் இன்றைய சாஃப்ட்பாக்ஸ் விளக்கு சதுரமாக மின்னுகிறது. 1970-ஆம், செபியாவாம்!

புரொம்ப்ட்பாண்டி
12,000 லைக். மக்கள் கண்மணியை எண்ணிக்கிட்டு இருக்கல.

ஊட்டிரோஜா
1967-லிருந்து ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த இந்து ஃபிலிமைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளிநாட்டு போர்ட்ரிகாவுக்கு மட்டும் இத்தனை சண்டை.

தெருவிளக்கு
இதில் எதற்கு மதத்தை இழுக்கிறீர்கள்?

ஊட்டிரோஜா
அது ஃபிலிமின் பிராண்டு பெயர் ஐயா!!

சொல்லாய்வான்
இருட்டறை எழுதுவது "கறுப்பு". வல்லின றகரம். "கருப்பு" என்றால் பஞ்சம். இதையாவது சரியாக எழுதுகிறார்.

தெருவிளக்கு
கருப்பசாமியைப் பஞ்சசாமி என்பீர்களோ?

இருட்டறை
இழையைத் திசைதிருப்ப வேண்டாம். குங்குமத்துக்கு வருகிறேன், இதிலும் பாண்டி கோட்டைவிட்டிருக்கிறார். ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. பொட்டு மை வைத்ததுபோல் கறுக்கும், உதடும் கறுக்கும், நம் தோலும் ஒரு படி இருளும். அதனால்தான் நெகட்டிவில் பென்சிலால் ரீடச் செய்தார்கள். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும், கன்னம் மாவு பூசியதுபோல் வழவழக்கும். இந்தத் தோற்றம் வேண்டுமென்றால் மட்டும் கறுப்பு வெள்ளையாக வாங்காமல் கலராக உருவாக்கி, பிறகு கறுப்பு வெள்ளையாக்கும் சேனல் மிக்ஸரில் சிவப்பு 0, பச்சை 50, நீலம் 50 என்று வையுங்கள். முகம் ரொம்ப இருண்டால் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு ஏற்றுங்கள், பொட்டைத் தொடாதீர்கள். நிறத்தை உறிஞ்சும் வெறும் டிசாச்சுரேட் செய்தால் பொட்டு சாம்பல் நிறத்தில் அசடு வழியும்.

வெள்ளிமணி
1970-ல் எல்லோரும் ஆர்த்தோவா? சிவப்பும் தெரிகிற பான்குரோமாட்டிக் ஃபிலிம் என்று ஒன்று வந்து எத்தனை காலம் ஆயிற்று! ஆளுக்கொரு பேப்பர், ஆளுக்கொரு ஃபிலிம் என்று நீங்கள் மட்டும் தீர்ப்பு எழுதுவீர்கள், நாங்கள் போர்ட்ரிகா என்றால் கணக்கு கேட்பீர்கள். போன வருஷம் ஃபிக்ஸர் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

இருட்டறை
ஃபிக்ஸர் இழையில் நான் சொன்னதுதான் சரி. ஆர்த்தோ ஷீட் வைத்து எடுத்தவர்களைப் பற்றிச் சொன்னேன், எல்லோரும் என்று சொல்லவில்லை.

வெள்ளிமணி
போர்ட்ரிகாவையும் நான் எல்லோரும் என்று சொல்லவில்லை!

லோராலோகு
பாண்டி, ஒரு தடவை செபியா வார்த்தையை எடுத்துட்டு அதே சீட்ல (படத்தோட தொடக்க எண்) ஓட்டுங்க. அந்த வார்த்தை போனதும் ஓரத்து இருட்டு வட்டமும் கிழிஞ்ச காகிதமும் சேர்ந்து போகுதான்னு பாருங்க. நான் ஓட்டினா போகுது.

புரொம்ப்ட்பாண்டி
ஓட்டிட்டேன். நேத்து செல்போன்ல எடுத்து பிளாக் அண்ட் ஒயிட் ஃபில்டர் போட்ட மாதிரி இருக்கு. செபியா போட்டாத்தான் பழசு.

இருட்டறை
சதுரக் கண்மணியை மாற்றாமல், பின்னணியைத் தெளிவாக்காமல் ஓட்டினால் அப்படித்தான் இருக்கும். குற்றம் நிறத்தில் இல்லை. மறுபடி சொல்கிறேன், 1970-ல் புரோமைடு பிரிண்ட்…

புரொம்ப்ட்பாண்டி
பழுப்பு.

சொல்லாய்வான்
எந்தப் பழுப்பு?