ஆக்ஸிஜன் சென்சாரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி:
நண்பர்களுக்கு வணக்கம். என்னுடைய 2012-ஆம் ஆண்டு பெட்ரோல் காரில் இரண்டு வாரமாகச் செக் எஞ்சின் விளக்கு அணையாமல் எரிகிறது. புளூடூத் ஸ்கேனரைச் செருகிப் பார்த்ததில் பி0135 என்ற குறியீடு வந்தது. ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, வண்டியைக் குனிந்துகூடப் பார்க்காமல், புகையிலுள்ள ஆக்ஸிஜனை அளக்கும் முன் சென்சார், பின் சென்சார் இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டுவதில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. காலையில் கிளப்பியதும் சில நிமிடங்கள் மட்டும் புகையில் பெட்ரோல் வாடை தூக்கலாக இருக்கிறது. என்னிடம் ஸ்பேனர் செட்டும் மல்டிமீட்டரும் உண்டு. நானே மாற்றிவிட முடியுமா என்பதைச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1:
பி0135 என்பது, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு என்பதை மட்டுமே சொல்கிறது. பின் சென்சாரின் ஹீட்டர் என்றால் பி0141 வந்திருக்கும். அது வராதபோது இரண்டையும் மாற்றச் சொன்னதற்கு முகாந்திரமே இல்லை. சென்சாரின் முனையில் உள்ள சிர்கோனியா என்ற பீங்கான் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். ஹீட்டர் போய்விட்டால் புகையின் சூட்டிலேயே அது காய வேண்டியிருப்பதால், அதுவரை இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சென்சாரின் கணக்கைக் கேட்காமல் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாகவே விடும். உங்கள் காலை நேரத்து வாடைக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

புதிய சென்சார் வாங்குவதற்கு முன் ஹீட்டருக்கான ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், எஞ்சின் ஆறியிருக்கும்போது கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் ஒரே நிறத்தில் வரும் இரண்டு ஒயர்களுக்கு இடையே (பெரும்பாலும் வெள்ளை) ஓம் அளவை எடுங்கள். சில ஓம் முதல் பதினைந்து ஓம் வரை காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது, கோளாறு ஒயரிங்கில் என்று பொருள். மீட்டர் அசையவே இல்லை என்றால் சென்சாரை மாற்றத்தான் வேண்டும்.

பதில் 2:
மேலே சொன்ன சோதனையை நானும் வழிமொழிகிறேன். மாற்றுவதில் உண்மையான சிரமம் மின்சாரத்தில் இல்லை, மரையில் இருக்கிறது. பல ஆண்டுச் சூட்டில் சென்சார், எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டோடு இறுகிப்போயிருக்கும். நான் முதல்முறை சாதாரண ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு இழுத்ததில் அறுகோணத்தின் விளிம்புகள் உருண்டுபோய், அரை நாள் வேலை இரண்டு நாளானது. ஒயர் நுழைவதற்குப் பக்கவாட்டில் வெட்டு விட்ட 22 மி.மீ. சாக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை மரையில் விட்டு, மறுநாள் எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டில், கையுறையோடு கழற்றிப் பாருங்கள். வராவிட்டால் முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். மறுபடி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். மேனிஃபோல்டின் மரை போய்விட்டால் 18 மி.மீ. டாப் (மரை வெட்டும் கருவி) போட்டுச் சீர்செய்ய வேண்டிவரும்.

புதிய சென்சாரின் மரையில் பெரும்பாலும் ஒட்டாமல் இருப்பதற்கான பசை தடவியே வரும். அது முனையில் படக் கூடாது. அந்த இடத்தில் சிலிக்கான் சீலன்டை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள், அதன் ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும். விலை குறைவு என்று கனெக்டர் இல்லாத சென்சாரை வாங்கி ஒயரைச் சால்டர் செய்வதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயரின் இழைகளுக்கு இடையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன, சால்டர் அந்த வழியை அடைத்துவிடும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஃபியூஸ் நன்றாக இருந்தது, மீட்டர் அசையவில்லை. ஆகவே முன் சென்சாரை மட்டும் வாங்கினேன். இரண்டு இரவு எண்ணெய் விட்ட பிறகே பழையது இளகியது. அதன் வாஷர் மேனிஃபோல்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததை டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கவனித்து, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்தேன். குறியீட்டை அழித்து நான்கு நாளாக ஓட்டுகிறேன், விளக்கு திரும்ப எரியவில்லை.