சின்ன உணவகத்தில் பீர், ஒயின் பரிமாற நகராட்சி அனுமதி: எங்கிருந்து தொடங்குவது?

கரண்டி:

வணக்கம் எல்லோருக்கும். நானும் என் தங்கையும் சேர்ந்து ஒரு சின்ன உணவகம் நடத்துகிறோம், முப்பது பேருக்கு மேல் உட்கார இடமில்லை. ராத்திரி சாப்பிட வருகிறவர்களில் பலர் மெனுவைப் பார்த்ததும் பீர் இருக்கிறதா, ஒயின் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இல்லை என்றதும் சிலர் அப்படியே எழுந்து போய்விடுகிறார்கள், அதுவும் நாலைந்து பேராக வருகிறவர்கள்தான் அதிகம். பார் நடத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லவே இல்லை. சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் கொடுக்க முடிந்தால் போதும்.

நகராட்சி இணையதளத்தைப் படித்தால் தலை சுற்றுகிறது. மது உரிமம் தனி, இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்கிற அனுமதி தனி, இரண்டுக்கும் வேறு வேறு படிவம், எதை முதலில் போடுவது என்றே தெரியவில்லை. கடைக்குப் பின்னால் வீடுகள் இருக்கின்றன, தெருமுனையில் ஒரு பள்ளி. கன்சல்டன்ட் இல்லாமல் நாங்களே செய்ய முடியுமா? பொது விசாரணை என்று போட்டிருக்கிறதே, அதில் என்ன கேட்பார்கள்? இதையெல்லாம் கடந்து வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

அளவுநாடா:

உணவகங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை, அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி என் மேசைக்கு வரும். முதலில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த ஆளுக்கு மது விற்க உரிமை கொடுக்கலாமா என்பது ஒரு கேள்வி. இந்தக் கட்டடத்தில், இந்தத் தெருவில் மது பரிமாறலாமா என்பது இன்னொரு கேள்வி. சில இடங்களில் இரண்டையும் ஒரே அலுவலகம் பார்க்கும், சில இடங்களில் வேறு வேறு. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின்படி உள்ளாட்சி கவுன்சில்தான் மது உரிமம் கொடுக்கிறது. கலிபோர்னியாவில் உரிமம் கொடுப்பது ஏபிசி என்கிற மாநிலத் துறை, ஆனால் பல நகரங்களில் அதற்கு மேல் அந்த இடத்தில் மது பரிமாறலாம் என்று நகரம் நிபந்தனைகளோடு கொடுக்கும் அனுமதியும் வேண்டும், அது இல்லாமல் மாநில உரிமத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் ஊர் இரண்டாவது வகை.

அப்படியானால் படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் நகராட்சியின் திட்ட அலுவலகத்துக்குப் போய் உங்கள் முகவரியைச் சொல்லி, இந்த மண்டலத்தில் உணவகத்தில் மது பரிமாற முடியுமா, முடியும் என்றால் விசாரணை தேவையா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இருந்தால் நல்லது. அதற்கும் முன்னால் உங்கள் லீஸை எடுத்துப் படியுங்கள், சில லீஸ்களில் மது கூடாது என்று ஒரு வரி இருக்கும், கட்டட உரிமையாளர் அதை மாற்றிக் கையெழுத்துப் போடாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

பள்ளி விஷயத்தில் பயப்படுவதற்கு முன் தூரத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். வாசலிலிருந்து வாசலுக்கா, மனை எல்லையிலிருந்து எல்லைக்கா, நேர்கோட்டிலா, நடக்கிற வழியிலா என்பது இடத்துக்கு இடம் மாறும், இதில்தான் பல விண்ணப்பங்கள் பிழைக்கின்றன அல்லது விழுகின்றன. நியூயார்க் மாநிலத்தில் 200 அடி விதி என்று ஒன்று உண்டு, அதே தெருவில் அந்தத் தூரத்துக்குள் பள்ளி இருந்தால் விஸ்கி, ரம் போன்ற ஸ்பிரிட் வகைகளைப் பரிமாறும் உரிமம் பொதுவாகக் கிடைக்காது, ஆனால் பீரும் ஒயினும் மட்டும் என்றால் அந்தத் தடை பொருந்தாது. கலிபோர்னியாவிலும் பீர், ஒயினுக்கு மட்டும் என்று உணவகங்களுக்கான உரிமம் தனியாக இருக்கிறது, 41ஆம் வகை. எல்லா மதுவும் பரிமாறும் 47ஆம் வகையின் எண்ணிக்கை மாவட்ட மக்கள்தொகையை வைத்துக் கட்டுப்படுத்தப்படுவதால் அது எளிதில் கிடைக்காது. ஆகவே உங்களுக்கு வேண்டியது பீரும் ஒயினும்தான் என்றால் அதை மட்டும் கேளுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிதாகக் கேட்கிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

பின்வீட்டுக்காரி:

நான் உணவகம் நடத்துகிறவள் இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு உணவகம் மது அனுமதி கேட்டபோது விசாரணைக்குப் போய் எதிர்த்துப் பேசியவர்களில் ஒருத்தி. அந்தப் பக்கத்திலிருந்து எப்படித் தெரியும் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

மதுவை நான் எதிர்க்கவில்லை, தெருவில் பலரும் எதிர்க்கவில்லை. நாங்கள் கேள்விப்பட்டதே கண்ணாடியில் ஒட்டியிருந்த நோட்டீஸிலிருந்துதான். "மது பரிமாற விண்ணப்பம்" என்று மட்டும் அதில் இருந்தது. எத்தனை மணி வரை, வெளியே மேசை போடுவார்களா, பாட்டுக் கச்சேரி உண்டா, ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் ஆட்கள் மோசமானதைத்தான் கற்பனை செய்வார்கள், உடனே ஒருவர் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டார். குழந்தை தூங்கும் அறையின் ஜன்னல் அவர்கள் பின்கட்டைப் பார்த்து இருக்கிறது, எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, கையெழுத்துப் போட்டேன்.

விசாரணையில் அந்த உரிமையாளர் வந்து, பத்து மணிக்கு மேல் பரிமாற மாட்டோம், பின்கதவு எட்டு மணிக்கு மேல் மூடியிருக்கும், காலி பாட்டில்களைக் காலையில்தான் வெளியே கொட்டுவோம் என்று சொன்னார். அந்தப் பாட்டில் விஷயத்தைக் கேட்டதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எதிர்ப்பை விட்டுவிட்டார், ஏனென்றால் அவர் பயந்தது நடுராத்திரியில் கண்ணாடி உடையும் சத்தத்துக்குத்தான். இதை அந்த மனிதர் முன்பே எங்கள் கதவைத் தட்டிச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டோம்.

அதனால் உங்களிடம் வருந்திக் கேட்டுக்கொள்கிறேன், நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்னால் பின்வீடுகளுக்கு நீங்களும் உங்கள் தங்கையும் நேரில் போங்கள். உரிமையாளரின் முகமும் போன் நம்பரும் தெரிந்தால் அதுவே பெரிய வித்தியாசம். சத்தம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாததுதான் எங்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது. பள்ளித் தலைமை ஆசிரியரையும் பாருங்கள். உங்கள் கடையில் மது பரிமாறுவது மாலைக்கு மேல்தான் என்றால் அதைச் சொல்லி, முடிந்தால் ஒரு கடிதம் வாங்குங்கள்.

தூண்டில்:

கன்சல்டன்ட் பற்றி: பீர், ஒயின் மட்டும், புதுக் கட்டுமானம் இல்லை, வெளி மேசை இல்லை என்றால் நீங்களே போடலாம். கடை அளவுக்கு ஏற்ற ஃப்ளோர் பிளான் ஒன்றை மட்டும் தெரிந்தவரிடம் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள், மதுவை எங்கே வைப்பீர்கள், எங்கே பரிமாறுவீர்கள் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். எதிர்ப்பு பலமாக வந்தாலோ தூர விதியில் இடித்தாலோ அப்போது உரிம வழக்குகள் பார்க்கும் வக்கீலிடம் போங்கள். எல்லாம் கைக்குள் இருக்கிறது என்று உறுதி கொடுக்கும் இடைத்தரகர்களிடம் மட்டும் போகாதீர்கள்.

கரண்டி:

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகப் பின்வீட்டுக்காரி அக்காவுக்கு. நாங்கள் இப்படி யோசிக்கவே இல்லை.

திட்ட அலுவலகத்துக்குப் போய் வந்தோம். எங்கள் மண்டலத்தில் அனுமதி உண்டாம், ஆனால் விசாரணையும் உண்டாம். அங்கிருந்தவர் பொறுமையாகப் பேசினார். வழக்கமாகப் போடும் நிபந்தனைகள் என்று ஒரு தாளும் கொடுத்தார், பார்த்தால் பக்கம் நிறைய இருக்கிறது. எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும் என்று கட்டட உரிமையாளர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

மூன்றாம்மேசை:

செய்யாதீர்கள். ஒயின் உரிமத்தோடு உணவகம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அனுமதி கிடைத்த நாளைவிட அந்த நிபந்தனைகளோடு வாழ்கிற நாட்கள்தான் நீளம். பல ஊர்களில் நிபந்தனைகள் ஆளோடு போகாமல் இடத்தோடு ஒட்டிக்கொள்ளும், நாளைக்குக் கடையை விற்றால் வாங்குகிறவருக்கும் அதே தாள்தான். மாற்ற வேண்டுமென்றால் மறுபடி விண்ணப்பம், மறுபடி விசாரணை.

ஒவ்வொரு வரியையும் உங்கள் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியோடு வைத்துப் பாருங்கள். "மது பரிமாறுவதை பத்து மணிக்கு நிறுத்த வேண்டும்" என்பதும் "பத்து மணிக்கு மேசையில் மது இருக்கக் கூடாது" என்பதும் வேறு வேறு. இரண்டாவதுக்கு ஒப்புக்கொண்டால் ஒன்பதரைக்கே கடைசி கிளாஸ் ஊற்ற வேண்டியிருக்கும், இல்லையென்றால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் கையிலிருந்து கிளாஸைப் பிடுங்க வேண்டும். உணவு விற்பனை மது விற்பனையைவிட அதிகம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி வரும், அது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை, ஆனால் கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும், எனவே பில் மெஷினில் முதல் நாளிலிருந்தே இரண்டையும் தனித்தனித் தலைப்பில் அடியுங்கள். "எந்த வகை இசையும் கூடாது" என்று இருந்தால் ஸ்பீக்கரில் மெல்லிசாக ஓடும் பாட்டும் அதில் அடங்குமா என்று கேட்டு, "வெளியே கேட்கும்படியான இசை" என்று மாற்றச் சொல்லுங்கள். நியாயமாகக் கேட்டால் பெரும்பாலும் மாற்றுவார்கள், அவர்களுக்கும் கடைப்பிடிக்க முடியாத நிபந்தனையால் பயனில்லை.

அதே சமயம் நீங்கள் எப்படியும் செய்யப்போகிறவற்றை நீங்களே முன்வந்து எழுதிக் கொடுங்கள்: நிற்கிறவர்களுக்குப் பரிமாற மாட்டோம், உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும், தனி பார் கவுண்டர் கிடையாது, அரை விலை நேரம் கிடையாது. இவை விண்ணப்பத்திலேயே இருந்தால் உங்கள் இடம் பார் ஆகிவிடுமோ என்ற கேள்வி எழுவதற்கு முன்பே பதில் இருக்கும்.

செலவு பக்கத்தையும் மறந்துவிடாதீர்கள். இன்சூரன்ஸ்காரரிடம் மது பரிமாறப் போகிறோம் என்று சொல்லியே ஆக வேண்டும், பிரீமியம் ஏறும். பரிமாறும் ஆட்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ் பல இடங்களில் கட்டாயம், கலிபோர்னியாவில் 2022 முதல் அப்படித்தான். வயதுச் சான்று பார்க்காமல் ஒரே ஒரு முறை ஊற்றியதற்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட இடங்கள் உண்டு, ஆகவே உங்கள் பணியாளர்களில் யாருக்கு மதுவைத் தொடும் வயது ஆகிவிட்டது என்பதை இப்போதே பாருங்கள். வயது குறைந்தவர்தான் ராத்திரி ஷிப்டில் இருக்கிறார் என்றால் ஆளையே மாற்ற வேண்டியிருக்கும்.

அளவுநாடா:

விசாரணை பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை, அதனால் திரும்ப வந்தேன். உங்களுக்குப் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். கடையின் கதை, குடும்பத்தின் கஷ்டம் இதெல்லாம் வேண்டாம், அவர்கள் சட்டப்படி எதைப் பார்க்கலாமோ அதைத்தான் பார்க்க முடியும். இங்கிலாந்துச் சட்டத்தில் அது நான்கு விஷயம் என்று எழுதியே இருக்கிறது: குற்றமும் ஒழுங்கீனமும் தடுப்பது, பொதுப் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுப்பது, குழந்தைகளைத் தீங்கிலிருந்து காப்பது. தெருவில் ஏற்கெனவே போதுமான கடைகள் இருக்கின்றன, இன்னொன்று தேவையா என்று ஒருவர் கேட்டால் அங்கே அது காரணமாகாது. ஆனால் வேறு சில ஊர்களில் கடைகள் நெருக்கமாக இருப்பதே முக்கியமான கேள்வி. உங்கள் ஊர்ச் சட்டத்தில் அந்தப் பகுதியைக் கண்டுபிடித்து, அதிலுள்ள வரிசையிலேயே பதில் தயாரியுங்கள். எதிர்ப்புக் கடிதங்களின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்கலாம், பல இடங்களில் அவை பொது ஆவணம்.

நோட்டீஸை எத்தனை நாள், எந்த அளவில், எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதில் கவனமாக இருங்கள். இங்கிலாந்தில் 28 நாள், கலிபோர்னியாவில் 30 நாள். ஒட்டிய நாளும் தினமும் அது இருந்த இடமும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். நோட்டீஸ் சரியாக இல்லை என்று யாராவது எழுப்பினால் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கிவிடும்.

கரண்டி:

மிக்க நன்றி. லீஸில் மது பற்றி ஒன்றும் இல்லை, ஆனாலும் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கப் போகிறோம். நிபந்தனைத் தாளில் "மேசையில் மது இருக்கக் கூடாது" என்று அப்படியே இருக்கிறது, மூன்றாம்மேசை சொன்ன அதே வரி, அதை மாற்றக் கேட்டு எழுதுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை, அன்றைக்குப் பின்வீடுகளுக்குப் போகிறோம்.

பின்வீட்டுக்காரி:

சாயங்காலம் போங்கள், ஞாயிறு மதியம் எல்லோரும் தூங்குவார்கள். அந்த நிபந்தனைத் தாளையும் கையில் கொண்டு போய்க் காட்டுங்கள்.