புதுப்பிப்பு: பேராசிரியரின் இறுதி நூலை முடிப்பதற்கான கடிதம், உயில் எழுதித் தீர்ந்தது

கும்பகோணத்தில் வாழும் என் முதிய உளவியல் பேராசிரியர், தம் இறுதி நூலைத் தமக்குப் பின் நானே முடித்து வெளியிட வேண்டுமென்று எழுதிய கடிதம் சட்டப்படி செல்லுமா என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கடிதத்தோடு நிறுத்தாமல் உயிலும் எழுதச் சொன்ன யோசனையே பலித்தது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்கு இரண்டு சாட்சிகளின் சான்றொப்பம் வேண்டும் என்பதால், சாட்சியில்லாத அக்கடிதம் எத்தனை தெளிவாக இருந்தாலும் உயிலாக நிற்காது. பதிவு கட்டாயமில்லை, எனினும் பிள்ளைகள் தொலைவில் இருப்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டோம்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. ஆசிரியருக்குச் சொந்தமான, வெளிவராத நூலின் கையெழுத்துப் படியை உயிலில் ஒருவருக்குக் கொடுத்தால், மாறாக எதுவும் சொல்லாதவரை பதிப்புரிமையும் அவரையே சேரும் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். ஐயாவோ உரிமைத்தொகை மகளுக்கே போக வேண்டுமென்று விரும்பினார். ஆகவே கைப்பிரதி எனக்கு, பதிப்புரிமை மகளுக்கு, நூலை முடித்து வெளியிடும் அனுமதி எனக்கு என மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டியிருந்தது. இதே நிலையில் இருப்பவர்கள் இதைத் தவறாமல் கவனியுங்கள்.

மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12ஆம் நாளில் பாசனத்துக்குத் திறக்காத ஆண்டுகளில் கடைமடை உழவர்களுக்கு நேரும் மனநெருக்கடியைப் பற்றியது நூல். சிகிச்சைக்கு வந்தவர்களின் குறிப்பேடுகளை மட்டும் அவர் எனக்குத் தரவில்லை. அவர்களைப் பற்றிய அத்தியாயத்தை, அடையாளங்களை நீக்கி, இப்போது அவரே சொல்லச் சொல்ல நான் எழுதி வருகிறேன். அது முடியாமற்போனால் நூலில் சேர்க்கக் கூடாதென்றும் கடிதத்தில் எழுதியிருக்கிறார், அதுவே சரியென்று நானும் கருதுகிறேன்.