‘அன்கான்ஷியஸ்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் போதுமா?

தும்பை கேட்டது:

வணக்கம். உடலையும் மனத்தையும் பற்றிய நூல் ஒன்றைத் தமிழாக்கம் செய்து வருகிறேன். ‘அன்கான்ஷியஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஒரு மூலச்சொல்லுக்கு ஒரே தமிழ்ச்சொல்லை ஆள வேண்டும் என்று பழகியவன் ஆதலால், தொடக்கத்திலேயே ‘நனவிலி’ என்று முடிவு செய்து எல்லா இடங்களிலும் அதையே இட்டேன். மெய்ப்புப் பார்க்கும்போதுதான் மனம் உறுத்தியது. ஏணியிலிருந்து விழுந்தவர் ‘பத்து நிமிடம் நனவிலியாகக் கிடந்தார்’ என்றும், கூட்டத்தில் அமர்ந்திருந்த பெண் ‘நனவிலியாக நகம் கடித்தாள்’ என்றும், மூன்றாவதாக ‘நனவிலி ஆசைகள்’ என்றும் எழுதியிருக்கிறேன். மூன்றாவது மட்டுமே தமிழாக ஒலிக்கிறது. அகராதியோ மயக்கமுற்ற, உணர்வற்ற, அறியாத, ஆழ்மனம் என்று அடுக்குகிறதே தவிர, எதை எங்கே ஆள்வது என்று சொல்வதில்லை. தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கைவிளக்கு எழுதியது:

அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். உங்கள் முதல் வாக்கியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அங்கே ‘சுயநினைவின்றிக் கிடந்தார்’ என்று எழுதுங்கள். ‘மயக்கமாக இருந்தார்’ என்று எழுத வேண்டாம். தலைசுற்றலையும் மயக்கம் என்கிறோம், சில நொடிகள் கண் இருண்டு விழுந்து எழுவதையும் மயக்கம் என்கிறோம், தட்டினாலும் கூப்பிட்டாலும் அசையாமல் கிடப்பதையும் மயக்கம் என்கிறோம். ஒருமுறை ஒரு முதியவரை அழைத்து வந்த மகன், “அப்பா காலையிலிருந்தே மயக்கமாக இருக்கிறார்” என்றார். “கூப்பிட்டால் பதில் சொன்னாரா, கண் திறந்தாரா, விழுந்தது அவருக்கு நினைவிருக்கிறதா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பிறகுதான், காலை முழுவதும் இருந்தது தலைசுற்றல் என்பதும், சுயநினைவு இழந்தது கடைசி அரைமணி நேரம் மட்டுமே என்பதும் தெரிந்தன. மருத்துவருக்கு அந்த அரைமணி நேரம் மிக முக்கியம்.

‘நினைவிழந்தார்’ என்பதிலும் கவனம் தேவை, ஏனெனில் நினைவு என்பது ஞாபகத்தையும் குறிக்கும். ‘சுய’ என்ற முன்னொட்டு அந்தக் குழப்பத்தை நீக்கிவிடுகிறது.

இன்னொன்று. சுயநினைவு என்பது இருக்கிறது அல்லது இல்லை என்ற இரண்டே நிலைகளைக் கொண்டதன்று. 1974-இல் கிளாஸ்கோவில் உருவாக்கப்பட்டு உலகெங்கும் வழங்கும் அளவுகோலில், கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடலசைவுக்கு 6 என்று அதிக அளவாக 15 புள்ளிகள் உண்டு. எந்த எதிர்வினையும் இல்லாதவருக்கும் 3 புள்ளிகள் கிடைக்கும். 8 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கோமா நிலை என்று கொள்வார்கள். ஆகவே மூலத்தில் ஆழம் குறிக்கப்பட்டிருந்தால், ‘அரைகுறை நினைவோடு’, ‘ஆழ்ந்த நினைவிழப்பில்’ என்று அதையும் தமிழில் காட்டுங்கள். உங்கள் நூல் முதலுதவியைத் தொடுமானால், சுயநினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்ற எச்சரிக்கை எந்த ஐயமும் இல்லாத சொற்களில் இருக்கட்டும். விழுங்கும் திறன் இல்லாதபோது அது நுரையீரலுக்குள் போய்விடும்.

அகத்தடம் எழுதியது:

உளவியல் கற்பிப்பவன் என்ற முறையில் மூன்றாவது வாக்கியத்துக்கு வருகிறேன். ‘நனவிலி ஆசைகள்’ சரியே. ஆயினும் பலரும் அந்த இடத்தில் ‘ஆழ்மனம்’ என்று எழுதிவிடுகிறார்கள்; அதை ஏற்க எனக்கு மனமில்லை. ஆங்கிலத்தில் ‘சப்கான்ஷியஸ்’ என்று வேறொரு சொல் உண்டு. உளப்பகுப்பாய்வை நிறுவிய ஃப்ராய்ட் 1915-இல் எழுதிய கட்டுரையில், அது தவறாக வழிநடத்தும் சொல் என்று வெளிப்படையாகவே ஒதுக்கினார். மனத்தின் அடியில் இன்னொரு சிறிய மனம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணத்தை அது தருகிறது. ‘ஆழ்மனம்’ தருவதும் அதே எண்ணத்தைத்தான்.

முயன்றால் நினைவுக்குக் கொண்டுவரக்கூடியவற்றையும் அவர் தனியே பிரித்தார். உங்கள் பழைய தொலைபேசி எண் இப்போது உங்கள் எண்ணத்தில் இல்லை, கேட்டால் வந்துவிடும், அது முன்நனவு. எவ்வளவு முயன்றாலும் தடுத்து நிறுத்தப்படுவதையே அவர் நனவிலி என்றார். சுவிஸ் உளவியலாளர் யுங் பேசிய ‘கூட்டு நனவிலி’ இன்னும் வேறு. அது தனிமனிதரின் வாழ்வில் அடக்கப்பட்டவற்றால் ஆனதன்று, மனித இனம் முழுமைக்கும் பொதுவானது என்பது அவர் கருத்து.

ஏடு எழுதியது:

இருவரும் சொன்னதோடு சொல்லின் வேரையும் பார்க்கலாம். ‘நனவு’ என்பது விழித்திருக்கும் நிலை. திருக்குறளில் ‘கனவுநிலை உரைத்தல்’ அதிகாரம் நனவைக் கனவுக்கு எதிராகவே நிறுத்துகிறது. அப்படிப் பார்த்தால் ‘நனவிலி’ என்பதன் நேர்ப்பொருள் விழிப்பு இல்லாதது; ஏணியிலிருந்து விழுந்தவருக்குத்தான் அது பொருந்தும். மறைந்த ஆசை உடையவரோ நன்றாக விழித்துக்கொண்டு நடமாடுகிறார். ஆனாலும் உளவியலில் அச்சொல் வேரூன்றிவிட்டது, அதை இப்போது பிடுங்க வேண்டியதில்லை. வேறு துறைக்கு அதை இழுக்காமல் இருந்தால் போதும்.

நகம் கடித்த பெண்ணுக்குக் கலைச்சொல்லே தேவையில்லை. ‘தன்னையறியாமல் நகம் கடித்தாள்’ என்று எழுதுங்கள். ‘அனிச்சையாக’ என்று எழுதிவிடாதீர்கள்: அனிச்சை என்பது விருப்பமின்றி நிகழ்வது, முழங்காலில் தட்டினால் கால் துள்ளுவது அனிச்சை, ஆனால் துள்ளியது நமக்கு நன்றாகவே தெரியும். ‘சத்தத்தைப் பற்றி அன்கான்ஷியஸாக இருந்தார்’ என்ற வகை வாக்கியம் வந்தால், பெயரடையைத் தேடாமல் வினைக்குப் போய்விடுங்கள். ‘சத்தம் அவருக்கு உறைக்கவே இல்லை’ என்றால் முடிந்தது.

தும்பை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ‘சுயநினைவின்றி’, ‘தன்னையறியாமல்’, ‘நனவிலி’ என்று மூன்றாகப் பிரித்து முதல் அத்தியாயத்தைத் திருத்திவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் மிச்சம். ஒருவர் தான் பாகுபாடு காட்டுவதைத் தானே அறியாதிருப்பதையும் மூலநூல் இதே சொல்லால் குறிக்கிறது. ‘நனவிலிச் சார்பு’ என்று எழுதலாமா?

ஏடு எழுதியது:

ஃப்ராய்ட் சொன்ன அடக்கப்பட்ட ஆசை அங்கே பேசப்படவில்லை என்பதால் ‘தானறியாச் சார்பு’ என்பதே பொருந்தும் என்று நினைக்கிறேன். சார்பு உடையவருக்கு அதைச் சுட்டிக்காட்டினால் தெரிந்துகொள்ள முடியும் என்பதையும் அந்தச் சொல் விட்டுவைக்கிறது.